தந்திக் கம்பத்திலிருந்து பசுமைப் பாதை வரை: ஒரு 'பயன்பாட்டு உரிமை'யின் வரலாறு

1

2013 ஜூலை 14-ஆம் தேதியோடு இந்தியாவில் தந்தி செத்துப்போனது. கடைசி நாளில் தந்தி கொடுக்கிறதுக்கென்றே வரிசையில் நின்றார்கள். பத்திரிகைகள் இரங்கல் கட்டுரை எழுதின. தந்தி போனது. ஆனால் தந்திக்காக வெள்ளைக்காரன் 1885-ல் எழுதிய சட்டம் போகவில்லை. அது இன்னைக்கும் உயிரோடுதான் இருக்கிறது. கொங்குநாட்டுத் தென்னந்தோப்பில், தேனிக் கரட்டில், கயத்தாற்றுக் கரிசலில் உயர்மின் கோபுரம் நடுகிற அதிகாரமாக அது இருக்கிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றியது. காலனியச் சட்டங்களைக் களைகிறோம் என்ற முழக்கத்தோடுதான் அது வந்தது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தை நீக்க வழி செய்த அதே சட்டம் ஒரு விதிவிலக்கையும் எழுதி வைத்தது. பழைய சட்டத்தின் மூன்றாம் பகுதி மின்பாதை போடுகிற காரியங்களுக்குத் தொடர்ந்து செல்லும் என்பதே அது. அதாவது தந்திக்கு இனித் தந்திச் சட்டம் வேண்டாம். மின்சாரத்துக்குத்தான் வேண்டும்.

இது சட்டம் வரைந்தவர்களின் கவனக்குறைவு அல்ல, தெரிந்தே செய்தது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக, அவற்றைச் சுமந்துபோகும் பாதைகளும் பெருகியாக வேண்டும். 2030-க்குள் 500 ஜிகாவாட் புதைபடிவமல்லாத மின்திறன் என்ற இலக்குக்காக மத்திய மின்சார ஆணையம் 2022 டிசம்பரில் ஒரு மின்பாதைத் திட்டம் வெளியிட்டது. அதன் மதிப்பீடு 2,44,000 கோடி ரூபாய். சுமார் 50,890 சுற்றுக் கிலோமீட்டர் பாதை. இவ்வளவு பெரிய கட்டுமானத்துக்கு எஃகு வேண்டும், அலுமினியம் வேண்டும், கடன் வேண்டும், நிலம் வேண்டும். முதல் மூன்றுக்கும் சந்தையில் விலை உண்டு. நான்காவதை எப்படிப் பெறுவது? அந்த இடத்தில்தான் 1885 வந்து நிற்கிறது.

மின்பாதையைத் திட்டமிடுவது, நிதி திரட்டுவது என்பதெல்லாம் பொறியாளர்களும் வங்கிக்காரர்களும் பேசுகிற விஷயம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். சூழலியல் பேசுகிறவர்கள் அனல் மின்நிலையப் புகைபோக்கியைப் பார்க்கிறார்கள். விவசாயிகள் பக்கம் நிற்கிறவர்கள் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்குப் பேரேடு இருக்கிறது. அந்தப் பேரேட்டில் யாருக்கு வரி ஒதுக்கப்பட்டிருக்கிறது, யாருக்கு இல்லை என்று வாசிப்பதே இக்கட்டுரையின் வேலை.

2

தந்தி இந்தியாவுக்கு வந்த கதை வணிகத்தின் கதை மட்டுமல்ல, ஆயுதத்தின் கதையும்தான். 1850-களில் ஓஷானசி என்ற மருத்துவர் மேற்பார்வையில் கம்பிகள் இழுக்கப்பட்டன. 1854-லேயே அதற்கொரு சட்டம். 1857 எழுச்சியில் கலகக்காரர்கள் தந்திக் கம்பிகளை அறுத்தார்கள். செய்தி முந்திக்கொண்டால் படை முந்திக்கொள்ளும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. ஆகவே 1885 சட்டத்தைப் படிக்கும்போது, கம்பியை அறுத்தவர்களை நினைவில் வைத்திருந்த ஓர் அரசு எழுதிய சட்டம் என்பதை மறக்கக்கூடாது.

அதன் 10-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? தந்தி அதிகாரி எந்த அசையாச் சொத்தின் மேலும், கீழும், குறுக்கேயும் கம்பி கொண்டுபோகலாம். அதில் கம்பம் நடலாம். அந்தச் சொத்தில் அரசுக்குக் கிடைப்பது 'பயன்பாட்டு உரிமை' மட்டுமே. வேறு எந்த உரிமையும் கிடையாது. இயன்றவரை சேதம் குறைவாக இருக்க வேண்டும். ஏற்பட்ட சேதத்துக்குச் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் முழு இழப்பீடு தர வேண்டும். 16-ஆம் பிரிவு: யாராவது எதிர்த்தால், தடுத்தால், மாவட்ட நடுவர் தன் விருப்பப்படி அனுமதி ஆணை தரலாம். அதற்குப் பிறகும் மறித்தால் குற்றம். இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். மாவட்ட நடுவர் என்றால் வேறு யாரோ அல்ல, கலெக்டர்தான்.

இந்த 'பயன்பாட்டு உரிமை மட்டும்' என்ற சொற்றொடரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மேலோட்டமாக அது நில உடைமையாளனுக்குப் பாதுகாப்பு மாதிரித் தெரியும். 'உன் நிலத்தை நான் எடுக்கவில்லையே, பட்டா உன் பேரில்தானே இருக்கு' என்று அரசு சொல்கிறது. ஆனால் எடுக்கவில்லை என்பதாலேயே விலை தர வேண்டியதில்லை. எடுத்தால் நில எடுப்புச் சட்டம் வரும், விசாரணை வரும், விலை வரும். எடுக்காமல் 'பயன்படுத்தினால்' சேதத்துக்கு மட்டும்தான் காசு. வெட்டிய மரத்துக்கும் மிதிபட்ட பயிருக்கும் கணக்குப் போட்டால் முடிந்தது.

ஒரு மரக்கம்பத்துக்கும் இரண்டு கம்பிக்கும் இது பொருந்தியிருக்கலாம். தந்திக் கம்பம் வரப்போரத்தில் நிற்கும். அதைச் சுற்றி உழலாம். அதன் மேல் குருவி உட்காரும். பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆனால் இந்த அதிகாரம் அங்கேயே நிற்கவில்லை. 1910-ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு, தந்தி அதிகாரியின் அதிகாரத்தை மின் உரிமதாரருக்கும் வழங்கலாம் என்றது. விடுதலைக்குப் பிறகு வந்த 1948-ஆம் ஆண்டு மின்வழங்கல் சட்டம், 42-ஆம் பிரிவில், அதே அதிகாரத்தை மின்வாரியங்களுக்குத் தந்தது. தாராளமயக் காலத்தின் 2003 மின்சாரச் சட்டம் 164-ஆம் பிரிவில் அதையே இன்னும் அகலமாக்கியது. அரசு அதிகாரிக்கு, உரிமதாரருக்கு, மின்வழங்கல் தொழிலில் உள்ள வேறு எவருக்கும் வழங்கலாம். தனியார் கம்பெனிக்கும்தான். இந்த அதிகாரம் பெற்ற நிறுவனம் நில உடைமையாளரின் முன்சம்மதம் பெறத் தேவையில்லை என்று 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது.

காலனிய அரசு, நேரு காலத்துத் திட்டமிடும் அரசு, சந்தை அரசு. பொருளாதாரக் கொள்கையில் மூன்றும் ஒன்றையொன்று மறுத்தவை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூன்றும் ஒரே குரலில் பேசியிருக்கின்றன.

3

அப்படியானால் ஏன் இத்தனை காலம் சண்டை வரவில்லை? இதுதான் வரலாறு பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

1932-ல் பைகாராவில் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. நீலகிரியிலிருந்து மின்சாரம் கோவைக்கு இறங்கியது, பஞ்சாலைகள் பெருகின. 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம். இந்த நிலையங்களை இணைத்துக்கொண்டே கம்பிகள் ஊர் ஊராகப் போயின. 1957-ல் மின்வாரியம் உருவான பிறகு கிணறுகளுக்கு மின்மோட்டார் வந்தது. கமலை நின்றது. அந்தக் காலத்துக் கம்பி வெறுமனே கடந்துபோகிற கம்பி அல்ல, இறங்கி வருகிற கம்பி. பெரிய பாதை துணைமின் நிலையத்துக்குப் போகும், அங்கிருந்து சின்னப் பாதை பிரியும், டிரான்ஸ்ஃபார்மர் வரும், கிணற்றுக்கு வரும். 'கம்பி வந்தாக் கரண்ட் வரும்' என்பது அனுபவம். கம்பத்துக்கு இடம் விட்டவனுக்குத் தண்ணீர் கிடைத்தது. சட்டத்தில் எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் அது.

அந்த ஒப்பந்தம் எவ்வளவு வலுவானது என்று காட்டியது 1970-களின் போராட்டம்தான். பம்புசெட் மின்கட்டணத்தை யூனிட்டுக்கு ஒன்றிரண்டு பைசா ஏற்றியதற்கு எதிராக நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். 1970 ஜூனில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்று பேர் செத்தார்கள். 1972-ல் கோவை நகரையே மாட்டுவண்டிகளால் அடைத்தார்கள். அந்தச் சண்டை மின்சாரத்தின் விலையைப் பற்றியது. கம்பி போகிற நிலத்தைப் பற்றியது அல்ல. விவசாயி அப்போது நுகர்வோராக நின்று பேசினான். 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததோடு அந்த அத்தியாயம் ஒருவிதமாக முடிந்தது.

அரைநூற்றாண்டு கழித்து அதே மாவட்டங்களில், அநேகமாக அதே விவசாயிகளின் பேரப்பிள்ளைகள், வேறொரு சண்டைக்கு உட்கார வேண்டி வந்தது. இடையில் கம்பியின் தன்மை மாறிப்போயிருந்தது.

4

மாற்றத்தின் முதல் கட்டம் காற்று. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் என்று மேற்குத்தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை காற்று கொட்டும். 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் மாதிரிக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. 1990-களில் முப்பந்தல் உலகப் பெயர் பெற்றது. இந்தப் பெருக்கத்துக்குக் காற்று மட்டும் காரணமில்லை; வருமானவரியும் காரணம். காற்றாலையில் போட்ட முதலீட்டை முதல் ஆண்டிலேயே நூறு சதவீதம் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள மத்திய அரசு அனுமதித்தது. பின்னால் அது 80 சதவீதம் ஆனது. 2017 ஏப்ரல் முதல் 40 சதவீதம். ஆகவே பஞ்சாலை முதலாளியும் சிமெண்ட் கம்பெனியும் கணக்காண்டு முடிகிற மார்ச் மாதத்துக்குள் காற்றாலையை நிறுத்திவிட ஓடினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரிச்சலுகை காற்றாலைக்கு இருந்தது, கம்பிக்கு இல்லை. காற்றாலையை நட்டவன் தனியார். கம்பியைப் போட வேண்டியவன் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த மின்வாரியம். காற்றாலை சில மாதத்தில் எழும்பும். 400 கிலோவோல்ட் பாதைக்குத் திட்டம், அனுமதி, கடன், கோபுரம் என்று மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். உற்பத்தி வருமுன்பே பாதை போட்டால் 'சும்மா கிடக்கிற சொத்து' என்று தணிக்கைக்காரன் எழுதுவான். பாதை இல்லாமல் உற்பத்தி வந்தால் மின்சாரம் வீணாகும்.

வீணாகவும் செய்தது. 2012-ல் தமிழ்நாட்டில் ஊர்ப்பக்கம் பத்து மணி நேரத்துக்கும் மேலே கரண்ட் கட். அதே ஆண்டு காற்றுப் பருவத்தில் காற்றாலைகளை நிறுத்தச் சொன்னார்கள். மாநிலத்தில் சுமார் 7,000 மெகாவாட் காற்றாலை இருந்தது; அதைச் சுமக்கப் பாதை போதவில்லை. வடக்கே அனுப்பலாம் என்றால் தென்மண்டல மின்தொகுப்பு தனித்தீவாக இருந்தது. ரெய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்மண்டலம் மற்ற இந்தியாவோடு ஒத்திசைந்து இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான். ஒரு பக்கம் இருட்டு, இன்னொரு பக்கம் நிறுத்தி வைத்த காற்றாலை. தனியார் லாபத்துக்கு ஊக்கம் கொடுத்துவிட்டுப் பொதுக் கட்டுமானத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2005-ல் சட்டம் போட்டு, காற்று அடிக்கும் மேற்குப் பகுதிகளை மண்டலங்களாக அறிவித்து, காற்றாலைகள் வருமுன்பே பாதையைத் திட்டமிட்டது. சுமார் 700 கோடி டாலர் செலவு. 18,500 மெகாவாட் காற்று மின்சாரத்துக்கான பாதைகள் 2014 தொடக்கத்துக்குள் முடிந்தன. செலவை அந்த மின்தொகுப்பின் நுகர்வோர் எல்லோர் தலையிலும் பகிர்ந்து போட்டார்கள். தனியார் சந்தையின் தலைநகரம் என்று சொல்லப்படும் இடத்திலேயே பாதை என்று வந்ததும் பொதுப்பணம்தான் கைகொடுத்தது.

5

இந்தியாவின் பதில் 'பசுமை ஆற்றல் வழித்தடம்'. 2012-ல் பவர் கிரிட் நிறுவனம் அறிக்கை தயாரித்தது. மாநிலங்களுக்குள் போடும் பாதைகளுக்கு 2015-ல் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்கள், 10,141 கோடி ரூபாய், 9,700 சுற்றுக் கிலோமீட்டர். பணம் வந்த வழி இது: 40 சதவீதம் மத்திய அரசின் மானியம், 40 சதவீதம் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கிக் கடன், 20 சதவீதம் மாநிலத்தின் பங்கு. மத்திய மானியம் தூய்மை ஆற்றல் நிதியிலிருந்து வருவது. அந்த நிதி நிலக்கரி மீது 2010 முதல் டன்னுக்கு 50 ரூபாய் எனப் போட்டு, 2016-ல் 400 ரூபாய் வரை ஏற்றிய வரியிலிருந்து வந்தது. கரியிடம் வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பது நல்ல ஏற்பாடுதான். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரி மாநிலங்களுக்கான ஈட்டுத்தொகைக் கணக்குக்குத் திருப்பப்பட்டது. கரிக்காசு காற்றுக்குப் போகிற வழி அடைபட்டது.

2022 ஜனவரியில் இரண்டாம் கட்டம்: ஏழு மாநிலங்கள், 12,031 கோடி ரூபாய். மத்திய உதவி இப்போது 33 சதவீதமாகச் சுருங்கியது. மீதியை மாநில மின்செலுத்துகைக் கழகங்கள் கடன் வாங்கிப் போட்டு, மின்கட்டணத்தில் வசூலித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கம் மாநிலங்களுக்கிடையிலான பாதைகளில், 2025 ஜூன் 30-க்குள் இயங்கத் தொடங்கிய சூரிய, காற்று மின்நிலையங்களின் மின்சாரத்துக்குக் கடத்தல் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. அதுவும் 25 ஆண்டுகளுக்கு. அதன்பின் வருவோருக்குப் படிப்படியாகக் குறைகிறது. தள்ளுபடி என்றால் பாதை இலவசம் என்று அர்த்தமில்லை. அந்தச் செலவை மற்றவர்கள் சுமக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பெருக இப்படிச் சுமை பகிர்வது சரிதானா என்று ஒழுங்குமுறை ஆணையங்கள் வாதம் கேட்கின்றன, தீர்ப்புச் சொல்கின்றன. 2021-ல் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் காரணமின்றி நிறுத்தி வைக்கப்பட்ட சூரிய மின்சாரத்துக்காக உற்பத்தியாளர்களுக்கு இழப்பீடு தரச் சொன்னது. உற்பத்தியாகாத மின்சாரத்துக்கும் பணம் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் யாருடைய நஷ்டம் எந்த வேகத்தில் 'நஷ்டம்' என்று அடையாளம் காணப்படுகிறது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

ஜெர்மன் வங்கிக்கு இந்தப் பேரேட்டில் ஒரு வரி இருக்கிறது. மத்திய அரசுக்கு இருக்கிறது. காற்றாலை முதலாளிக்கு இருக்கிறது. நுகர்வோருக்கும், சுமையாக என்றாலும், இருக்கிறது. கம்பிக்கடியில் இருப்பவனுக்கு? அவன் அறிக்கைகளில் ஒரே ஒரு பெயரில்தான் வருகிறான்: 'வழியுரிமைச் சிக்கல்'. பசுமை வழித்தடம் காலக்கெடுவைத் தாண்டித் தாண்டிப் போனதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இது தவறாமல் இடம்பெறும். காட்டில் அனுமதி தாமதம், ஒப்பந்தக்காரர் தாமதம், வழியுரிமைச் சிக்கல். மனிதன் ஒரு தாமதமாக மொழிபெயர்க்கப்படுகிறான். அதிகாரச் சொல்லாடல் வேலை செய்கிற விதம் இதுதான். உரிமை கேட்கிறவனைச் சிக்கல் என்று பெயரிட்டால், பிறகு சிக்கலைத் தீர்ப்பது மட்டுமே பாக்கி.

6

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை சுமார் 1,765 கிலோமீட்டர். 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை, 6,000 மெகாவாட். சத்தீஸ்கரின் அனல் மின்நிலையங்களில் மிஞ்சுகிற மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவருவதே இதன் முதல் நோக்கம். தெற்கில் காற்று அதிகமாக வீசும்போது மின்சாரத்தைத் திருப்பி வடக்கே அனுப்பலாம் என்பது இரண்டாவது. விளம்பரத்தில் இரண்டாவது முன்னுக்கு வந்தது. கரியும் காற்றும் ஒரே கம்பியில் போகும். கம்பிக்கு நிறம் கிடையாது. 'பசுமை' என்ற சொல்லை வைத்து ஒரு பாதையின் நியாயத்தை முடிவு செய்ய முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

புகளூரிலிருந்து அரசூர், எடையர்பாளையம், உடுமலை, திருவலம் என்று 400 கிலோவோல்ட் பாதைகள் பிரிந்தன. இன்னொரு நேர்மின் பாதை, 320 கிலோவோல்ட், திருச்சூருக்குப் போனது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் ஒரே காலத்தில் கோபுரங்கள் முளைத்தன. 2018 டிசம்பரில் பல மாவட்டங்களில் விவசாயிகள் காத்திருப்புப் போராட்டத்திலும் உண்ணாவிரதத்திலும் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது: விளைநிலத்தில் கோபுரம் வேண்டாம், சாலையோரமாகப் புதைகம்பியாகக் கொண்டுபோ, இல்லையென்றால் வாடகை கொடு.

400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகலம் வேண்டும். 800 கிலோவோல்ட் நேர்மின் பாதைக்கு 69 மீட்டர். அந்த அகலத்துக்குள் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. அந்த நிலத்தை அடமானம் வைக்கப் போனால் வங்கி யோசிக்கும், விற்கப் போனால் வாங்குபவன் யோசிப்பான். பட்டா மட்டும் பத்திரமாக இருக்கும். இந்தக் கம்பியிலிருந்து ஒரு மோட்டாருக்கும் கரண்ட் இறங்காது. 800 கிலோவோல்ட்டை ஊர்ப்பக்கம் தட்டி எடுக்க முடியாது. இது இறங்கி வருகிற கம்பி அல்ல, கடந்துபோகிற கம்பி. எழுதப்படாத அந்தப் பழைய ஒப்பந்தம் இங்கேதான் முறிந்தது. முறித்தது விவசாயி அல்ல, தொழில்நுட்பம். தொழில்நுட்பம் மாறியும் சட்டம் மாறாததால் அந்த முறிவுக்குப் பெயரே இல்லாமல் போனது.

புதைகம்பி கேட்டதற்கு 'சாத்தியமில்லை' என்ற பதில் வந்தது. 800 கிலோவோல்ட் பாதையை ஆயிரம் மைல் புதைப்பது நடக்காத காரியம்தான், அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதே திட்டத்தின் திருச்சூர்ப் பாதை, கேரளத்துக்குள் வடக்கஞ்சேரியிலிருந்து திருச்சூர் வரை நெடுஞ்சாலையை ஒட்டி மண்ணுக்கடியில்தான் போகிறது. 2021 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது. கேரளத்தில் வீடுகள் நெருக்கம், 69 மீட்டரோ 46 மீட்டரோ வெறும் நிலமாகக் கிடைக்காது என்பது நியாயமான காரணம். ஆக, சாத்தியம் என்பது மின்னழுத்தத்தை மட்டும் பொறுத்ததல்ல. எந்த நிலத்தை 'காலியிடம்' என்று கருதுகிறோம் என்பதையும் பொறுத்தது. தமிழ்நாட்டுப் பக்கம் தோட்டம் காலியிடமாகத் தெரிந்திருக்கிறது.

7

போராட்டங்கள் சும்மா போகவில்லை. 2015 அக்டோபரில் மத்திய மின்துறை அமைச்சகம் வழிகாட்டுநெறி வெளியிட்டது. கோபுரத்தின் காலடி நிலத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம். கம்பியின் கீழுள்ள அகலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அது கோபுரத்துக்கு 200 சதவீதமாகவும் அகலத்துக்கு 30 சதவீதமாகவும் உயர்ந்தது. நூற்று முப்பது ஆண்டுகளாக 'சேதம்' என்று மட்டுமே பேசிய இடத்தில் 'நிலமதிப்பு' என்ற சொல் நுழைந்தது. இது வெற்றிதான். ஆனால் இது வழிகாட்டுநெறி, சட்டம் அல்ல. மாநிலம் ஏற்றால்தான் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கர் 20 லட்சம் என்று அரசு வழிகாட்டி மதிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 400 கிலோவோல்ட் பாதை ஒரு தோட்டத்தை 100 மீட்டர் நீளத்துக்குக் கடக்கிறது. கீழே கட்டுப்படுகிற நிலம் 4,600 சதுர மீட்டர். அதாவது ஒரு ஏக்கர் பதினான்கு சென்ட். பழைய நெறிப்படி அதிகபட்சம் சுமார் 3 லட்சத்து 41 ஆயிரம். புதிய நெறிப்படி சுமார் 6 லட்சத்து 82 ஆயிரம். ஒரு தடவை. அதோடு கணக்கு முடிந்தது. கம்பி இருக்கும் காலம் முழுக்க அந்தத் தென்னை திரும்ப வராது.

இப்போது கம்பியின் கணக்கைப் பார்ப்போம். செலவு அடிப்படையிலான கட்டண முறையில் ஒரு பாதைக்கு ஆயுள் 35 ஆண்டு என்று வைக்கிறார்கள். போட்ட மூலதனத்தில் 70 சதவீதம் கடன், 30 சதவீதம் சொந்தப் பங்கு. கடனுக்கு வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் கட்டணத்தில் வசூலாகும். சொந்தப் பங்கின் மேல் ஆண்டுக்கு 15.5 சதவீத ஆதாயம் என்று மத்திய ஒழுங்குமுறை ஆணையம் 2009 முதல் 2024 வரை அனுமதித்தது. 2024-க்குப் பின் வரும் புதிய பாதைகளுக்கு 15 சதவீதம். இதில் மறைந்திருக்கிற நுட்பம் ஒன்று: நிலத்துக்குக் கொடுத்த இழப்பீடும் பாதையின் மூலதனச் செலவில்தான் சேரும். அந்த இழப்பீட்டுத் தொகையின் மேலும் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் ஆதாயம் உண்டு. ஆக விவசாயிக்குக் கொடுத்த காசு நிறுவனத்துக்கு ஆண்டாண்டுக்கும் வருமானம் தருகிறது. விவசாயிக்கு ஒரு தடவையோடு சரி.

எஃகுக்கு வருமானம் உண்டு, கடனுக்கு வட்டி உண்டு, நிலத்துக்கு மட்டும் சேதக்கணக்கு. ஏன்? மார்க்ஸ் மூலதனம் மூன்றாம் தொகுதியில் நிலவாடகையை விளக்கும்போது ஓர் அருவியை எடுத்துக்கொள்கிறார். அருவியின் வேகத்தில் ஆலை ஓட்டுகிறவன், நீராவியில் ஓட்டுகிறவனைவிடக் கூடுதல் லாபம் அடைகிறான். அந்தக் கூடுதல் அருவி விழுகிற நிலத்தின் உடைமையாளனுக்கு வாடகையாகப் போகிறது. இயற்கைச் சக்தி இலவசம்; அது கிடைக்கும் இடம் இலவசமல்ல. காற்றுக்கும் வெயிலுக்கும் இது அப்படியே பொருந்தும். காற்றாலை நிற்கிற நிலத்துக்கு விலையோ குத்தகையோ கிடைத்தது. ஆனால் காற்று மின்சாரம் சந்தையை எட்டுவதற்கு இன்னொரு நிலமும் தேவை, அதுதான் கம்பி போகிற நிலம். அது இல்லாமல் அருவியே இல்லை என்பதை 2012 காட்டிவிட்டது. அந்த நிலத்தின் வாடகையை மட்டும் 1885 சட்டம் முன்கூட்டியே ரத்து செய்து வைத்திருக்கிறது.

வாடகை தர முடியாது, ஆயிரக்கணக்கான பேருக்கு எப்படிக் கொடுப்பது என்பார்கள். செல்போன் கோபுரத்துக்கு மாதா மாதம் வாடகை கொடுக்கிறார்களே! தந்தியின் நேரடி வாரிசு அதுதான். அது ஒப்பந்தம் போட்டு, வாடகை கொடுத்து, வியாபாரமும் நடத்துகிறது. தந்திக்குச் சொந்தமே இல்லாத மின்கோபுரம் தந்திச் சட்டத்தைக் காட்டுகிறது. நமக்கு இந்தச் சட்டத்தை எழுதித் தந்த பிரிட்டனில், மின்கோபுரம் நிற்கிற வயல்காரருக்கு ஆண்டுதோறும் பணம் தரும் முறை இருக்கிறது. வேண்டுமென்றால் ஒரே தொகையாகவும் வாங்கிக்கொள்ளலாம். அவன் ஊருக்கு ஒரு நியாயம், நம்ம ஊருக்கு ஒரு நியாயம். வெள்ளைக்காரன் போய் எண்பது வருஷம் ஆகப்போகிறது. நம் அரசுக்கு அந்த இரண்டாவது நியாயம்தான் வசதியாக இருக்கிறது.

8

இங்கே நிறுத்திவிட்டால் இது பட்டாதாரர்களுக்கான கட்டுரையாகிவிடும். ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

1885 சட்டத்தின் 10-ஆம் பிரிவில் 'சம்பந்தப்பட்ட அனைவருக்கும்' என்றொரு தொடர் இருக்கிறது. காலனியச் சட்டம் என்றாலும் அந்தத் தொடர் விரிவானது. குத்தகைதாரரும், தோட்டத்தில் வேலை பார்ப்பவரும் அதற்குள் வர முடியும். ஆனால் 2015, 2024 நெறிகள் நிலமதிப்பை அடிப்படையாக வைத்ததும் அந்தக் கதவு சாத்திக்கொண்டது. நிலமதிப்பு என்றால் பட்டா. கொங்குப் பகுதியில் பட்டா யாரிடம் இருக்கிறது, தோட்ட வேலை யார் செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. தேங்காய் பறிக்கிறவர், மட்டை பின்னுகிறவர், ஆடு மேய்க்கிற பெண், பெரும்பாலும் தலித்துகள், அருந்ததியர். தோப்பு போனால் முதலில் போவது இவர்கள் கூலி. இவர்கள் நெறியிலும் இல்லை. போராட்டக் கோரிக்கைப் பட்டியலிலும் முன்வரிசையில் இருக்க மாட்டார்கள். புறம்போக்கில், மேய்ச்சல் நிலத்தில் கோபுரம் வந்தால் கேட்க ஆளே இல்லை. பட்டா ஆணின் பெயரில் இருக்கிற வீட்டில், இழப்பீட்டுக் காசு யார் கைக்குப் போகும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கோரிக்கையை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. இழப்பீட்டைக் கூட்டு என்பது போதாது. மின்பாதைக்கு எஃகும் கடனும் எப்படி ஆண்டுதோறும் கட்டணத்தில் பங்கு பெறுகின்றனவோ, அப்படியே நிலமும் பெற வேண்டும். அந்த ஆண்டுப் பங்கில் ஒரு பகுதி நிலம் வைத்திருப்பவருக்கு. ஒரு பகுதி அந்த நிலத்தில் உழைத்தவருக்கு. பொதுநிலம் என்றால் கிராமசபைக்கு. பாதை எங்கே போகும் என்று முடிவாகி, அளவுக்கல் நட்ட பிறகு வந்து பேசுவது போதாது. வரைபடத்தில் கோடு இழுக்கும்போதே பேச வேண்டும். இதனால் மின்கட்டணம் ஏறும் என்று பயமுறுத்துவார்கள். 25 ஆண்டுக் கட்டணத் தள்ளுபடியின் சுமையை நுகர்வோர் தலையில் வைத்தபோது அந்தப் பயம் எங்கே போயிருந்தது?

காற்றாலைப் பாதை வேண்டாம் என்பது நம் நிலைப்பாடு அல்ல. எண்ணூர்ச் சாம்பலையும் நெய்வேலிச் சுரங்கத்தையும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கரியை விட்டு வெளியே வர வேண்டுமென்றால் பாதை வேண்டும். இன்னும் நிறைய வேண்டும். அதனால்தான் இந்தக் கேள்வி அவசரமானது. இனி வரப்போகிற ஐம்பதாயிரம் கிலோமீட்டரும் பழைய சட்டத்தின்படியே போடப்பட்டால், கரிக்கு எதிரான போராட்டமும் கோபுரத்துக்கு எதிரான போராட்டமும் ஒன்றையொன்று எதிரியாகப் பார்க்கும். அரசுக்கு அதைவிட வசதி வேறில்லை. பசுமையைக் காட்டி விவசாயியை வாயடைக்கலாம். விவசாயியைக் காட்டிப் பசுமையைத் தள்ளிப்போடலாம்.

தந்திச் சட்டத்தின் மூன்றாம் பகுதியை மின்சாரத்துக்காக மட்டும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். அதை நீக்கி, மின்பாதைக்கென்று வாடகையும் முன்பேச்சும் உள்ள புதிய சட்டம் எழுதச் சொல்வது சூழலியல் இயக்கங்களும் விவசாய இயக்கங்களும் தலித் இயக்கங்களும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒரே கோரிக்கை. கம்பி எல்லாருக்கும் பொதுவாகப் போகிறது. அதன் கணக்கும் பொதுவில் வைத்துப் பேசப்படட்டும்.